சீனியர் அக்கா சொன்ன ஒரு வரி: பல்கலைக்கழகத்தில் புழங்கும் சொற்கள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

“அந்த எலெக்டிவ்ல ப்ரீரெக் இருக்கு, மூணு கிரெடிட்தான், ஆனா கர்வ் உண்டு, எடுத்துப் பாத்துட்டு சரிவரலைன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள ட்ராப் பண்ணிடு, இல்லைன்னா டபிள்யூ விழும்.”

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரம் ஒரு சீனியர் அக்கா எங்களிடம் சொன்னது இது. அவர் அக்கறையோடுதான் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன், பக்கத்தில் நின்ற நாலு பேரும் ஆட்டினார்கள். அறைக்கு வந்த பிறகு ஒருவரை ஒருவர் கேட்டுப் பார்த்தால் யாருக்குமே முழுதாகப் புரியவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும், நாம் கேட்டால் நன்றாக இருக்காது என்று ஐந்து பேருமே நினைத்திருக்கிறோம். குறிப்பாக, வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைபவர்களுக்கு இதையெல்லாம் சொல்லித்தர அண்ணன் அக்கா யாரும் இருப்பதில்லை. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தேதியோ, ஒரு கணக்கோ, உங்களுக்கு உள்ள ஓர் உரிமையோ இருக்கிறது. சொல் புரியவில்லை என்றால் அந்தத் தேதி கடந்துபோகும். ஆகவே அகராதி மாதிரி அகர வரிசையில் போகாமல், எது தெரியாவிட்டால் அதிக இழப்போ அதற்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் கிரெடிட். இதை மதிப்பெண் என்று நினைப்பவர்கள் நிறைய. மதிப்பெண் இல்லை, அது பாடத்தின் எடை. இந்தப் பாடம் உங்கள் நேரத்தில் எவ்வளவைக் கேட்கிறது என்று சொல்லும் எண். வாரம் 1 மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் 1 கிரெடிட் என்பது பரவலான வழக்கம். ஆய்வகம் என்றால் பெரும்பாலும் 2 மணி நேரத்துக்கு 1 கிரெடிட். அக்கா சொன்ன ‘மூணு கிரெடிட்’ என்றால் வாரம் மூன்று மணி நேரம் வகுப்பில் இருக்க வேண்டும். ஆனால் கணக்கு அங்கே முடிந்துவிடவில்லை. அமெரிக்க விதிமுறை வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வெளியே குறைந்தது 2 மணி நேர உழைப்பு இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் கிரெடிட் கணக்கிடுகிறது. 15 கிரெடிட் எடுத்தவருக்கு வகுப்பு 15 மணி நேரம், வெளியே 30 மணி நேரம், மொத்தம் வாரம் 45 மணி நேரம். முழுநேர வேலைக்கு மேலேயே வருகிறது. “வாரத்துக்குப் பதினைஞ்சு மணி நேரம்தானே, கூட ரெண்டு பாடம் சேத்துக்கலாம்” என்று முதல் செமஸ்டரில் கணக்குப் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இந்த மீதி 30 மணி நேரத்தில்தான்.

அடுத்து, கிரெடிட் என்ற சொல் எல்லா இடத்திலும் ஒன்றுதான், அதன் அளவு ஒன்றில்லை. ஐரோப்பிய நாடுகளில் ஈசிடிஎஸ் என்ற முறை: முழு ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பிரிட்டனில் முழு ஆண்டுக்கு 120 கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் 10 மணி நேரம். இரண்டு பிரிட்டன் கிரெடிட் ஓர் ஈசிடிஎஸ்ஸுக்குச் சமம். அமெரிக்காவில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்துக்கே மொத்தம் சுமார் 120தான். அதாவது 120 என்ற அதே எண் ஓரிடத்தில் ஒரு வருடப் படிப்பு, இன்னோரிடத்தில் முழுப் பட்டம். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதோ, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதோ ‘என்னிடம் இத்தனை கிரெடிட் இருக்கிறது’ என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த முறையில் என்றும் சொல்ல வேண்டும்.

கிரெடிட் புரிந்துவிட்டால் ஜிபிஏ, அதாவது கிரேடு புள்ளிகளின் சராசரி, தானாகப் புரியும். ஒரு செமஸ்டரில் நான்கு பாடம் என்று வைத்துக்கொள்வோம், பத்துப் புள்ளி அளவுகோல். கணிதம் 4 கிரெடிட், உங்களுக்கு 8 புள்ளி. இயற்பியல் 3 கிரெடிட், 9 புள்ளி. மொழிப்பாடம் 3 கிரெடிட், 7 புள்ளி. ஆய்வகம் 1 கிரெடிட், 10 புள்ளி. நம் கை உடனே என்ன செய்யும் என்றால் எட்டையும் ஒன்பதையும் ஏழையும் பத்தையும் கூட்டி நாலால் வகுத்து 8.5 என்று எழுதும். அது ஜிபிஏ இல்லை. ஒவ்வொரு புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்க வேண்டும்: 32, 27, 21, 10. கூட்டினால் 90. மொத்த கிரெடிட் 11. ஆக 90 வகுத்தல் 11, அதாவது 8.18. ஆய்வகத்தில் வாங்கிய அந்த அழகான பத்து, எடை குறைவு என்பதால் உங்களை அவ்வளவு தூக்கிவிடவில்லை. இதே செமஸ்டரில் கணிதத்தில் ஒரே ஒரு புள்ளி கூடுதலாக வாங்கியிருந்தால் ஜிபிஏ 8.55க்குப் போயிருக்கும். தேர்வுக்கு முந்தைய வாரம் எந்தப் பாடத்துக்கு அதிக நேரம் கொடுப்பது என்று குழம்பும்போது இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். நான் இதை மூன்றாவது செமஸ்டரில்தான் செய்தேன். முதலிலேயே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிஜிபிஏ என்பது எல்லா செமஸ்டரையும் சேர்த்து இதே கணக்கு. செமஸ்டர் ஜிபிஏக்களின் சராசரி என்று நினைத்துவிடாதீர்கள், செமஸ்டருக்கு செமஸ்டர் கிரெடிட் மாறும் என்பதால் விடை பிசகும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆறு செமஸ்டரில் 120 கிரெடிட் முடித்து ஒருவரின் சிஜிபிஏ 6.5 என்று வையுங்கள். ஏழாவது செமஸ்டரில் ராப்பகலாக உழைத்து 20 கிரெடிட்டில் 9 வாங்குகிறார். புதிய சிஜிபிஏ 6.86தான். அவ்வளவு உழைத்தும் ஏழைத் தொட முடியவில்லை. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு இந்தக் கணக்கில் எடுபடாது, ஏனென்றால் முன்னால் சேர்ந்துவிட்ட கிரெடிட்டின் எடை பின்னால் வருவதை அமுக்கிவிடும். முதல் இரண்டு செமஸ்டரைச் சும்மா விட்டுவிடாதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அளவுகோலும் ஊருக்கு ஊர் வேறு. இந்தியாவில் பெரும்பாலும் பத்து, அமெரிக்காவில் பெரும்பாலும் நான்கு. ஜெர்மனியில் தலைகீழ்: 1.0தான் மிக உயர்ந்தது, 4.0 என்றால் தட்டுத் தடுமாறித் தேறியது. பிரிட்டனில் 70 சதவீதம் வாங்கினாலே முதல் வகுப்பு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பார்த்துப் பழகிய வீட்டில் இதை விளக்குவது கஷ்டம், ஆனால் அங்கே அதுதான் அளவு. சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்றப் பத்தால் பெருக்கிவிடுகிறோம், பல இடங்களில் அது தவறு. உங்கள் பல்கலைக்கழகம் அதற்கென்று விதி வைத்திருக்கும், விண்ணப்பத்தில் அந்த விதிப்படிதான் எழுத வேண்டும்.

சரி, ப்ரீரெக். ப்ரீரிக்விசிட் என்பதன் சுருக்கம், முன்நிபந்தனைப் பாடம். கணிதம் ஒன்று தேறினால்தான் கணிதம் இரண்டு, அது தேறினால்தான் அதற்கு மேலே உள்ளது. பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் சில பாடங்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். அப்படிப்பட்ட ஒன்றில் தவறினால் நீங்கள் இழப்பது ஒரு பாடம் மட்டுமில்லை. அதன்மேல் நிற்கும் அடுத்த பாடம், அதற்கடுத்தது என்று வரிசையாகத் தள்ளிப்போய் ஒரு வருடமே போய்விடலாம். பாடப் பட்டியல் கையில் கிடைத்ததும் எந்தப் பாடத்திலிருந்து எதற்கு அம்புக்குறி போகிறது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள், அரை மணி நேர வேலைதான். எதிலிருந்து அதிக அம்பு கிளம்புகிறதோ அந்தப் பாடத்தை எந்த நிலையிலும் விட்டுவிடக் கூடாது. கோர் என்றால் எல்லோரும் படித்தே ஆக வேண்டியது. எலெக்டிவ் என்றால் ஒரு பட்டியலிலிருந்து நீங்களே தேர்ந்தெடுப்பது. ஓப்பன் எலெக்டிவ் என்றால் பிற துறைப் பாடத்தையும் எடுக்கலாம். கோரிக்விசிட் என்று போட்டிருந்தால் இரண்டையும் ஒரே செமஸ்டரில் சேர்த்து எடுக்க வேண்டும், பெரும்பாலும் ஒரு பாடமும் அதன் ஆய்வகமும் அப்படி ஜோடியாக வரும். பாடக் குறியீட்டு எண்ணையும் கவனியுங்கள்: பல இடங்களில் 101 என்பது அறிமுகப் பாடம், 300, 400 என்று ஏற ஏற மேல்நிலை.

அடுத்தது ட்ராப், வித்ட்ரா. இரண்டுமே தமிழில் ‘பாடத்தை விடுதல்’தான், அதனால்தான் குழப்பம். இந்த வசதி உள்ள பல்கலைக்கழகங்களில் செமஸ்டரின் முதல் ஒன்றிரண்டு வாரம் பாடங்களைச் சேர்க்கவும் விடவும் திறந்து வைத்திருப்பார்கள். அந்தக் காலத்துக்குள் விட்டால் அது ட்ராப். உங்கள் பதிவேட்டில் அந்தப் பாடத்தின் சுவடே இருக்காது. அந்தத் தேதி தாண்டி, ஆனால் இரண்டாவது கெடுவுக்குள் விட்டால் அது வித்ட்ரா. அப்போது கிரேடு வரும் இடத்தில் டபிள்யூ என்ற எழுத்து நிற்கும். ஜிபிஏவைத் தொடாது, ஆனால் அழியாது. இரண்டாவது கெடுவும் தாண்டிவிட்டால் அப்புறம் வகுப்புக்குப் போகாமல் நிறுத்தினால் அது தோல்வியாகத்தான் பதிவாகும், ஜிபிஏவையும் இழுக்கும்.

முக்கியமான விஷயம்: வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டால் பாடத்தை விட்டுவிட்டதாக ஆகாது. இணையத்திலோ அலுவலகத்திலோ முறைப்படி விண்ணப்பித்தால்தான் கணக்கு. என்னோடு படித்த ஒருவன் ஒரு பாடத்தை இரண்டாவது வாரமே மனதளவில் விட்டுவிட்டான். பதிவிலிருந்து எடுக்கவில்லை. செமஸ்டர் முடிவில் வந்த கிரேடைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினான், ஒன்றும் செய்ய முடியவில்லை. அவன் படிப்பில் கெட்டிக்காரன். தெரியாமல் போனது ஒரு படிவம், அவ்வளவுதான். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் பல இடங்களில் இந்தத் தேதிகளோடு கட்டப்பட்டிருக்கும். ஆகவே பல்கலைக்கழக நாட்காட்டி வந்த அன்றே இந்த இரண்டு தேதியையும் கைபேசியில் போட்டு வையுங்கள். உங்கள் இடத்தில் இந்த வசதியே இல்லாமலும் இருக்கலாம், பாடங்கள் முன்பே முடிவாகி வரும். அப்படியானால் அதையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இதன் பக்கத்திலேயே வரும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ என்று கிரேடு வந்தால் இன்கம்ப்ளீட்: உடல்நலம் போன்ற காரணத்தால் வேலை பாதியில் நிற்கிறது, முடிக்க அவகாசம் தந்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த அவகாசத்துக்கும் ஒரு கெடு உண்டு. ஆடிட் என்றால் கிரெடிட்டும் கிரேடும் இல்லாமல் கேட்பதற்காக மட்டும் வகுப்பில் உட்காருவது. தேறாமல் நிற்கும் பாடத்தைத் தமிழ்நாட்டில் அரியர் என்கிறோம், இந்தியாவின் பிற இடங்களில் பேக்லாக், அந்தத் தேர்வை மறுபடி எழுதுவதை பிரிட்டனில் ரீசிட் என்கிறார்கள்.

கர்வ் என்று அக்கா சொன்னது ஒப்பீட்டு கிரேடு முறை. சில வகுப்புகளில் 90க்கு மேல் இந்த கிரேடு, 80க்கு மேல் அந்த கிரேடு என்று முன்பே வரையறுத்திருப்பார்கள். கர்வ் உள்ள வகுப்பில் அப்படி இல்லை, மொத்த வகுப்பும் எப்படி எழுதியிருக்கிறது என்பதை வைத்து எல்லை போடுவார்கள். தாள் கடினமாகி வகுப்பின் சராசரி 40க்கு இறங்கிவிட்டால் 62 வாங்கியவருக்கு மிக உயர்ந்த கிரேடு கிடைக்கலாம். எளிதான தாளில் 85 வாங்கியவர் நடுவில் நிற்கலாம். அதனால் மதிப்பெண் வந்ததும் மனம் உடைந்து போகாதீர்கள், வகுப்புச் சராசரி என்ன என்று முதலில் கேளுங்கள்.

இனி, ஒரே சொல் வேறு வேறு பொருளில் வரும் இடங்கள். கோர்ஸ் என்றால் இந்தியாவிலும் பிரிட்டனிலும் பெரும்பாலும் முழுப் படிப்பு. அமெரிக்காவில் அது ஒரு பாடம். அந்த ஒரு பாடத்தை பிரிட்டனில் மாட்யூல் என்பார்கள், ஆஸ்திரேலியாவில் பல இடங்களில் யூனிட். ஃபேகல்டி என்றால் அமெரிக்காவில் ஆசிரியர்கள், பிரிட்டனில் பல துறைகள் சேர்ந்த பிரிவு, இந்தியாவில் இரண்டுமே. பிரிட்டனில் முனைவர் பட்டத்துக்கு எழுதுவது தீசிஸ், முதுநிலையில் எழுதுவது டிசர்ட்டேஷன். அமெரிக்காவில் இரண்டும் இடம் மாறிவிடும். செமஸ்டர் என்ற லத்தீன் மூலச் சொல்லுக்கு ஆறு மாதம் என்று பொருள், ஆனால் வகுப்பு நடப்பது சுமார் 15 வாரம்தான். ஆண்டை நான்காகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் சுமார் 10 வாரம். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பருவம் 8 வாரம். முதல் தேர்வு எவ்வளவு சீக்கிரம் வந்து நிற்கும் என்பது இதைப் பொறுத்தது.

பதவிப் பெயர்களுக்கு அவ்வளவு நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. எந்த வேலைக்கு எந்தக் கதவு என்று தெரிந்தால் போதும். பாடம் சம்பந்தப்பட்டது என்றால் பேராசிரியர், அவருக்கு மேலே துறைத் தலைவர், பல துறைகளுக்கு மேலே டீன். சான்றிதழ், பதிவு என்றால் பதிவாளர் அலுவலகம். தேர்வு, மதிப்பெண், மறுமதிப்பீடு என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். இந்தியாவிலும் பிரிட்டனிலும் வேந்தர் பதவி பெரும்பாலும் கௌரவப் பதவி, அன்றாட நிர்வாகம் துணைவேந்தர் கையில். ‘துணை’ என்று பெயர் இருப்பதால் அவரைச் சின்னவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் பிளேஜியரிசம், அதாவது எழுத்துத் திருட்டு பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும், ஏனென்றால் நல்ல பிள்ளைகள் தெரியாமலே இதில் சிக்குகிறார்கள். பிறர் எழுதியதை அப்படியே எடுப்பது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். மூலத்தைச் சொல்லாமல் வார்த்தைகளை மட்டும் மாற்றிப் போடுவதும் அதே கணக்கில் வரும். போன செமஸ்டரில் நீங்களே எழுதிக் கொடுத்த கட்டுரையை இந்த செமஸ்டர் வேறு பாடத்துக்குக் கொடுத்தால் அதற்கும் சுயக் களவு என்று பெயர் உண்டு. உங்கள் கட்டுரையைப் பிற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் காட்டும் ஒற்றுமைச் சதவீதத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். மேற்கோள்குறிக்குள் முறையாகக் கொடுத்த வரிகளும் உசாத்துணைப் பட்டியலும் அந்தச் சதவீதத்தில் சேர்ந்திருக்கலாம். சதவீதம் குறைவாக இருந்தும் மையக் கருத்து கடன் வாங்கியதாக இருக்கலாம். முடிவு செய்வது ஆசிரியர்தான்.

கெடு நேரம் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை நள்ளிரவு 12 மணி என்று போட்டிருந்தால் பலர் வெள்ளி இரவு என்று படிக்கிறார்கள். கடிகாரப்படி வெள்ளிக்கிழமையின் 12 ஏஎம் என்பது வியாழன் இரவு முடியும் நொடி. ஒரு முழு நாள் வித்தியாசம். சந்தேகம் இருந்தால் வியாழன் இரவே சமர்ப்பித்துவிடுங்கள்.

காகிதங்களில் மூன்று பெயர் போதும். பொனஃபைடு என்பது நீங்கள் இப்போது இங்கே படிக்கிறீர்கள் என்பதற்கான சான்று. வங்கிக் கடன், உதவித்தொகை, கடவுச்சீட்டு என்று எதற்கெல்லாமோ கேட்பார்கள். ப்ரொவிஷனல் என்பது படிப்பை முடித்துவிட்டீர்கள், பட்டமளிப்பு விழா இன்னும் நடக்கவில்லை என்ற இடைக்காலத்துக்கான தற்காலிகச் சான்றிதழ். டிரான்ஸ்கிரிப்ட் என்பது எல்லா செமஸ்டரின் பாடம், கிரெடிட், கிரேடு சேர்ந்த அதிகாரபூர்வமான தொகுப்பு. இதைப் பல இடங்களில் முத்திரையிட்ட உறையில் அல்லது பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்பினால்தான் ஏற்பார்கள், அதனால் உறையை ஆசையாகப் பிரித்துப் பார்த்துவிடாதீர்கள்.

கடைசியாக ஆபிஸ் அவர்ஸ். பேராசிரியர் அறைக் கதவில் ‘ஆபிஸ் அவர்ஸ்: செவ்வாய் 2 முதல் 4’ என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து, அந்த நேரத்தில் அவருக்கு அலுவலக வேலை இருக்கும், தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒரு செமஸ்டர் முழுக்க நான் விலகியே இருந்தேன். பொருள் நேர் எதிர். மாணவர்கள் முன்னறிவிப்பு இல்லாமலே வந்து கேட்கலாம் என்று அவர் ஒதுக்கி வைத்த நேரம் அது. அடுத்த செமஸ்டரில் ஒரு செவ்வாய்க்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே யாரும் இல்லை, அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று வாசலில் கொஞ்சம் தயங்கினேன். பிறகு நோட்டைத் திறந்து, “சார், இந்தக் கணக்குல மூணாவது வரி வரைக்கும் புரியுது, நாலாவது வரி எப்படி வந்துச்சுன்னு தெரியல” என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், பேனாவை எடுத்து மூன்றாவது வரிக்கும் நாலாவது வரிக்கும் நடுவில் இரண்டு வரி எழுதினார்.